முளையிலே தெரியும் பயிர்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. சிறுவர்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் கண்டு, பிற்காலத்தில் அவர்கள் எய்தப்போகும் பெருமையை முன்னரே உணர்த்த விரும்பும்போது பெரியோர் இதனை எடுத்தாள்வர். ஆனால், இப்பழமொழியில் உவமையாக வந்த செய்தியை ஓர் உழவரிடம் கூறி, ‘இஃது உண்மைதானா?’ என்று வினவினால், அவர் சற்றே தயங்குவார். நாற்றங்காலில் முளைத்துப் பதினைந்து நாளே ஆன நெல் நாற்றுகளை உற்று நோக்குங்கள். எல்லாம் ஒரே பச்சை. எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம். அவற்றுள் எது நோய்க்கு இரையாகும், எது நோயைத் தாங்கும், எது வெள்ளத்தில் மூழ்கி அழியும், எது வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தலைநிமிரும் என்பனவற்றைக் கண்ணால் கண்டே கூற வல்லவர் எவரும் இலர். நாற்றின் செழுமையைக் கண் அறியும். அதனுள் மறைந்து கிடக்கும் பண்புகளைக் கண் அறியாது.

ஆயினும், கண் அறியாத அப்பண்புகளை நாற்றின் இலையில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்து ஆராய்ந்தே அறிந்துகொள்ளும் வழியை விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். பழமொழி உவமையளவில் நில்லாமல், சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிட்டது. அஃது எங்ஙனம் இயன்றது என்பதையும், அதனால் உழவர்க்கு விளைந்த நன்மை யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

பயிர் இனங்களைத் திருத்தும் தொழில் மிகவும் பழமையானது. அறுவடைக் காலத்தில் நல்ல கதிர்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் மணிகளை விதைக்கென ஒதுக்கி வைத்த முதல் உழவரே முதல் பயிர் ஆராய்ச்சியாளர் எனலாம். இத்தொழிலுக்கு விஞ்ஞான அடிப்படையைத் தந்தவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவியார். இன்று செக் நாட்டில் உள்ள புர்னோ நகரத்து மடத்தில் வாழ்ந்த அவர், பட்டாணிச் செடிகளைப் பல்லாண்டுகள் கலப்புச் செய்து ஆராய்ந்து, தாம் கண்ட முடிவுகளை 1866-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெற்றோரின் பண்புகள் பாலில் கலந்த நீர்போல ஒன்றோடொன்று கரைந்துவிடுவதில்லை. தனித்தனிக் கூறுகளாகவே பிள்ளைகளுக்குச் செல்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. அக்கூறுகளையே நாம் இன்று ‘ஜீன்’ என்றும் ‘மரபணு’ என்றும் வழங்குகின்றோம்.

மெண்டலின் வழியைப் பின்பற்றியவர்கள் நல்ல பண்புடைய இரண்டு வகைகளைக் கலந்து, அவற்றின் வழித்தோன்றல்களுள் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்துப் புதிய இனங்களை உண்டாக்கினர். ஆனால், அவர்கள் எதிர்கொண்ட இடையூறுகள் பல. நோயைத் தாங்கும் செடியைக் கண்டறிய வேண்டுமாயின், நோய் வரும் வரையில் காத்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கும் செடியைக் கண்டறிய வேண்டுமாயின், ஆயிரக்கணக்கான நாற்றுகளை நீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். மேலும், ஒரு நல்ல பண்பை வேண்டிக் கலப்புச் செய்தால், அதனோடு வேண்டாத பண்புகள் பலவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றைக் களைந்து ஒரு நல்ல இனத்தை உருவாக்குவதற்குள் பத்தாண்டுகளும் கழிந்துவிடும். செடியின் புறத்தோற்றத்தை மட்டும் கண்டு அதன் அகத்தை அறிய முயன்றமையே இவ்விடர்களுக்கெல்லாம் காரணம். ஆகவே, செடியின் அகத்தையே நேரில் படித்தறியும் வழி வேண்டப்பட்டது.

செடியின் அகத்தே படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு பெருநூல் எழுதப்பட்டிருக்கிறது. அந்நூல் ‘டி.என்.ஏ.’ எனப்படும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. அதனை எழுதுவதற்குப் பயன்பட்ட எழுத்துகள் நான்கே. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அவ்வெழுத்துகள். அவற்றைச் சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்பர். இவ்விழை முறுக்கிய ஏணிபோல இரண்டு புரிகளால் ஆனது என்பதை 1953-ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவரும் விளக்கினர். ஒரு புரியில் ஏ இருந்தால் அதற்கு எதிரே மறுபுரியில் டி இருக்கும். ஜி இருந்தால் எதிரே சி இருக்கும்.

நெற்பயிரின் இந்நூல் பன்னிரண்டு பகுதிகளை உடையது. அப்பகுதிகளே குரோமோசோம்கள். ஒவ்வொரு குரோமோசோமும் தாய் வழியில் ஒன்றும் தந்தை வழியில் ஒன்றுமாக இரண்டு படிகளாக உள்ளது. பன்னிரண்டு பகுதிகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் உள்ளன. பக்கத்திற்கு 2,000 எழுத்துகள் வீதம் அச்சிட்டு, 500 பக்கங்களை ஒரு புத்தகமாகக் கட்டினால், 390 புத்தகங்கள் வேண்டியிருக்கும்! ஜப்பானின் தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி உழைத்து, இம்மாபெரு நூலைப் படித்து முடித்து, 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நம் இந்திய விஞ்ஞானிகளும் அதிற் பங்குகொண்டு, பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தளித்தனர்.

இந்நூலில் ஒரு விந்தையைக் காண்கிறோம். ஆங்காங்கே சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று எழுத்துகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ‘ஜிஏ ஜிஏ ஜிஏ ஜிஏ’ என்று, ஓதுவித்ததையே ஓதும் கிளிப்பிள்ளை போல, ஒரே சொல் பத்து முறையும் இருபது முறையும் அடுக்கி வரும். ஓரெழுத்து முதல் ஆறெழுத்து வரையில் உள்ள சிறு சொற்கள் இவ்வாறு அடுக்கி வரும் இடங்களுக்கு ‘மைக்ரோசாட்டிலைட்டு’ என்று பெயர். ‘நுண்துணைக்கோள்’ என்பது இதன் பொருள். விண்ணில் சுற்றும் துணைக்கோளுக்கும் நெல்லின் உயிரணுவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியப்படையலாம். டி.என்.ஏ.வை அடர்ந்த உப்புக் கரைசலில் இட்டு மிக விரைவாகச் சுழற்றினால், அதன் பெரும்பகுதி ஒரு பட்டையாகத் திரண்டு நிற்கும். திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளையுடைய சில பகுதிகள் மட்டும் அதனின்று பிரிந்து, கோளின் அருகே நிற்கும் துணைக்கோள்போலச் சிறு பட்டையாகத் தோன்றும். அது கண்டு அவற்றைத் துணைக்கோள் டி.என்.ஏ. என்றனர். அவற்றினும் மிகச் சிறிய அடுக்குகள் பிற்காலத்தில் கண்டறியப்பட்டபோது, நுண்துணைக்கோள் என்னும் பெயர் 1989-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது.

இவ்வடுக்குச் சொற்களால் நமக்கு என்ன பயன்? இதனை விளங்கிக்கொள்ள, நம் பழைய ஏட்டுச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். அச்சுப்பொறி இல்லாத காலத்தில், ஒரு சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடியில் எழுத்தாணியால் படியெடுப்பர். பொருள் நிறைந்த செய்யுளைப் படியெடுக்கும்போது பிழை நேர்வது குறைவு. ஆனால், ‘தானதான தானதான’ என்று ஒரே சொல் பதினைந்து முறை அடுக்கி வரும் இடம் ஒன்று இருந்தால், படியெடுப்பவரின் கண் சற்றே வழுக்கிவிடும். பதினைந்து முறை எழுத வேண்டியதைப் பதினான்கு முறையோ பதினாறு முறையோ எழுதிவிடுவார். அப்பிழையுள்ள சுவடியைப் பார்த்துப் பின்னர் எழுதப்பட்ட சுவடிகள் எல்லாவற்றிலும் அதே பிழை தொடரும். இவ்வாறு வேறுபட்ட பாடங்களை ஒப்புநோக்கி, எந்தச் சுவடி எந்தச் சுவடியின் வழிவந்தது என்று சுவடி ஆராய்ச்சியாளர் உய்த்துணர்வர்.

உயிரணுவிலும் இதுவே நிகழ்கின்றது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. அத்தொழிலைச் செய்யும் நொதிப்பொருள், அடுக்குச் சொற்கள் உள்ள இடத்தில் என்றேனும் ஒரு நாள் வழுக்கிவிடும். அதனால் ஓர் அடுக்குக் கூடும், அல்லது குறையும். பெரும்பாலான இடங்களில் இம்மாற்றத்தால் செடிக்கு யாதொரு நன்மையும் இல்லை; தீமையும் இல்லை. எனவே, அது களையப்படாமல் வழிவழியாகத் தங்கிவிடுகின்றது. இத்தகைய வழுக்கல் ஒரு தலைமுறையில் நேர்வது மிக அரிது. ஆதலின், பெற்றோரிடம் உள்ள அடுக்கின் எண்ணிக்கையே பிள்ளையிடமும் காணப்படும். ஆனால், ஆயிரமாயிரம் ஆண்டுகளில் இம்மாற்றங்கள் பலவாகப் பெருகுகின்றன. ஆதலின், ஒரு வகை நெல்லில் ஓரிடத்தில் பன்னிரண்டு அடுக்கு இருப்பின், மற்றொரு வகையில் அதே இடத்தில் பதினெட்டு அடுக்கு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை மாறாமையும், இனத்துக்கு இனம் வேறுபடுதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்தமையால், இவை செடியை அறிய உதவும் சிறந்த அடையாளங்களாக விளங்குகின்றன.

இவ்வடையாளத்தைப் படிக்கும் முறையையும் அறிந்துகொள்வோம். முதலில் நாற்றின் இலைத்துண்டை அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பர். 39 கோடி எழுத்துகளுக்கு இடையே நாம் வேண்டும் இடம் நூறு அல்லது இருநூறு எழுத்துகளே உடையது. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போன்றது இவ்வேலை. இதனை எளிதாக்கியது, அமெரிக்க விஞ்ஞானியான காரி மல்லிசு என்பவர் 1983-ஆம் ஆண்டில் எண்ணிக் கண்ட ‘பாலிமரேசு சங்கிலி வினை’ என்னும் முறை. இதற்காக 1993-ஆம் ஆண்டில் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுக்குச் சொற்களின் இருபுறத்திலும் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் எல்லா நெல்வகைகளிலும் ஒன்றாகவே இருக்கும். அவ்வெழுத்துகளோடு சரியாகப் பொருந்துமாறு, இருபது எழுத்துகள் அளவுள்ள இரண்டு சிறு துணுக்குகளை ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்வர். டி.என்.ஏ.வைச் சூடேற்றினால் அதன் இரு புரிகளும் பிரியும். சற்றே குளிர்வித்தால் துணுக்குகள் தத்தமக்குரிய இடத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும். பின்னர் நொதிப்பொருள் அவற்றினின்று தொடங்கி, இடைப்பட்ட பகுதியைப் படியெடுக்கும். இவ்வாறு ஒரு முறை செய்தால் ஒன்று இரண்டாகும், மறுமுறை நான்காகும், பின்னர் எட்டாகும். முப்பது முறை முழுமையாக இரட்டித்தால், ஒன்று நூறு கோடிக்கும் மேலாகப் பெருகிவிடும். போரில் இருந்த ஓர் ஊசி, போரினும் பெரிய ஊசிக் குவியலாகிவிட்டால், அதனைக் காண்பது அரிதாகுமோ?

இனி, அத்துண்டின் நீளத்தை அளத்தல் வேண்டும். கூழ்போன்ற மெல்லிய பலகை ஒன்றின் ஒருமுனையில் டி.என்.ஏ. துண்டுகளை இட்டு, மின்சாரத்தைச் செலுத்துவர். டி.என்.ஏ. எதிர்மின் தன்மையுடையது; ஆதலின், நேர்மின்முனையை நோக்கி நகரும். நெருக்கமான சந்தைக் கூட்டத்தில் சிறுவன் எளிதாக நுழைந்து முன்னே செல்வதும், பெரிய மூட்டையைச் சுமந்தவர் பின்தங்குவதும் நீங்கள் கண்டவையே. அதுபோலவே, குறைந்த அடுக்குகளையுடைய சிறுதுண்டு முன்னே செல்லும். மிகுந்த அடுக்குகளையுடைய நெடுந்துண்டு பின்னே நிற்கும். சாயமிட்டுப் பார்த்தால், அவை கோடுகளாகத் தோன்றும். தாய்வழியில் ஓரளவும் தந்தைவழியில் வேறோரளவும் பெற்ற செடி இரண்டு கோடுகளைக் காட்டும். எனவே, அச்செடி தூய இனமா கலப்பினமா என்பதும் அக்கணமே புலப்பட்டுவிடும். நெல்லுக்கென இத்தகைய அடையாளங்கள் 2,240 புதியனவாக 2002-ஆம் ஆண்டில் ஒருங்கே வெளியிடப்பட்டன. நெல்லின் நூல் முழுவதும் படிக்கப்பட்டபின், நீண்ட அடுக்குகளையுடைய இடங்கள் மட்டுமே 18,000-க்கும் மேல் உள்ளன என்பது தெளிவாயிற்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அடுக்குச் சொற்களால் செடிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றோம். அங்ஙனமாயின், அவற்றைக் கொண்டு வெள்ளத்தைத் தாங்கும் பண்பை அறிவது எவ்வாறு? புதிதாக ஊருக்கு வந்த ஒருவர் ஒரு வீட்டை வினவினால், ‘அதோ, அந்தப் புளிய மரத்திற்கு அடுத்த வீடு’ என்கிறோம். புளிய மரம் வீடு அன்று. வீட்டைக் கட்டியதும் அன்று. ஆயினும், மரத்தைக் கண்டால் வீட்டைக் கண்டுவிடலாம். அதுபோலவே, ஒரு நல்ல மரபணுவுக்கு மிக அருகில் உள்ள அடுக்குச் சொல், அம்மரபணு இருக்குமிடத்தை நமக்குக் காட்டும் அடையாள மரமாகின்றது. இரண்டும் ஒரே இழையில் அண்மையில் உள்ளமையால், ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.

ஆனால், இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது, இணையாக உள்ள இரண்டு குரோமோசோம்கள் தம்முள் சில பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. அடையாளம் மரபணுவிலிருந்து தொலைவில் இருந்தால், இம்மாற்றத்தின்போது இரண்டும் பிரிந்துவிடலாம். அப்பொழுது அடையாளம் இருக்கும், மரபணு இராது. ஆகவே, மரபணுவுக்கு இருபுறத்திலும், மிக அருகில் ஒவ்வோர் அடையாளத்தைத் தேர்ந்துகொள்வது அறிவுடையோர் வழக்கம்.

இம்முறையால் விளைந்த பெரும்பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நெல் நீரில் வளரும் பயிரே ஆயினும், முழுவதும் நீரில் மூழ்கினால் அதுவும் மாண்டுவிடும். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மழையை நம்பிய தாழ்நிலங்களில் ஒன்றரைக் கோடி எக்டேருக்கு மேற்பட்ட நெல்வயல்கள் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குகின்றன. மூழ்கிய நெற்பயிர் உயிர்பிழைக்க வேண்டி விரைந்து நீண்டு, நீருக்கு மேலே தலையை நீட்ட முயல்கின்றது. அம்முயற்சியில் தான் சேமித்து வைத்திருந்த மாவுப்பொருள் அனைத்தையும் செலவழித்துவிடுகின்றது. வெள்ளம் வடிந்ததும், நிமிர்ந்து நிற்க வலியின்றிச் சாய்ந்து மடிகின்றது. ஒரு வாரத்திற்கு மேல் மூழ்கிய வயலில் உழவர் காண்பது பெரும்பாலும் அழுகிய தாள்களையே.

ஒடிசா மாநிலத்தில் உழவர் தொன்றுதொட்டுப் பயிரிட்டுவந்த ஒரு நாட்டு நெல்லுக்கு மட்டும் இவ்வழிவு நேர்வதில்லை. அதிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட வகை ‘எப்.ஆர். 13 ஏ’ எனப்பட்டது. அது வெள்ளத்தில் மூழ்கியதும் நீள முயல்வதில்லை. வளர்ச்சியை அடக்கிக்கொண்டு, சேமிப்பைச் செலவிடாமல், மூச்சடக்கிய முனிவரைப்போல இரண்டு வாரம் வரையில் பொறுத்திருக்கும். வெள்ளம் வடிந்தபின், காத்துவைத்த வலிமையைக் கொண்டு மீண்டும் தழைக்கும். ஆனால், அதன் விளைச்சல் குறைவு, தாள் உயரமானது. அதனை நல்ல வகைகளோடு கலந்தவர்கள் வெள்ளம் தாங்கும் நெல்வகைகள் சிலவற்றைப் பெற்றனர். ஆயினும், வேண்டாத பண்புகளும் உடன்வந்தமையால், உழவர் அவற்றைப் பெரிதும் ஏற்கவில்லை.

1996-ஆம் ஆண்டில் கெனாங் சூ, டேவிட் மெக்கில் என்னும் இரு விஞ்ஞானிகள், வெள்ளம் தாங்கும் இப்பண்பு ஒன்பதாம் குரோமோசோமின் ஓரிடத்தில் உள்ளது என்று கண்டறிந்து, அவ்விடத்திற்குச் ‘சப் 1’ என்று பெயரிட்டனர். அவ்விடத்தில் இப்பண்பைத் தரும் மரபணு இன்னது என்பது 2006-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே, பிலிப்பைன்சு நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார், இப்பண்பைச் ‘சுவர்ணா’ என்னும் நெல்லில் சேர்க்க முனைந்தனர். சுவர்ணா, ஆந்திர மாநிலத்து மாருதேறு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல். நல்ல விளைச்சல் தருவதால், கிழக்கிந்திய உழவர் அதனைப் பெரிதும் விரும்பிப் பயிரிட்டு வந்தனர்.

எப்.ஆர். 13 ஏ வழிவந்த ஒரு நெல்லோடு சுவர்ணாவைக் கலந்தால், பிறக்கும் செடியில் சுவர்ணாவின் பங்கு பாதியே. அதனை மீண்டும் சுவர்ணாவோடு கலந்தால், அப்பங்கு சராசரியாக 75 விழுக்காடாகும், மறுமுறை 87.5 விழுக்காடாகும். இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். இவ்வாறே சென்றால், 99 விழுக்காட்டைக் கடக்க ஆறு பிற்கலப்புகள் வேண்டும். ஆனால், இது சராசரிக் கணக்கு. நூற்றுக்கணக்கான நாற்றுகளில் சில, சராசரியைவிட மிகுதியாகச் சுவர்ணாவின் பங்கைப் பெற்றிருக்கும். அவை எவை என்பதைக் கண்ணால் காண இயலாது, அடையாளங்களால் காணலாம். எனவே, நாற்றுகளை மூன்று முறை சல்லடையில் இட்டுச் சலிப்பதுபோல ஆராய்ந்தனர். சப் 1-க்கு மிக அருகில் உள்ள அடையாளங்களைக் கொண்டு, அப்பண்பு வந்துள்ள நாற்றுகளைத் தெரிந்தெடுத்தனர். அதன் இருபுறத்து அடையாளங்களைக் கொண்டு, வேண்டாத பகுதி மிகுதியாக ஒட்டிக்கொண்டு வராத நாற்றுகளைப் பொறுக்கினர். மற்றைய குரோமோசோம்களில் உள்ள நுண்துணைக்கோள் அடையாளங்களைக் கொண்டு, எஞ்சிய பகுதி எல்லாம் சுவர்ணாவாகவே உள்ள நாற்றுகளைத் தேர்ந்தனர். இரண்டாம் பிற்கலப்பின் வழிவந்த செடிகளுள்ளேயே, ஆராய்ந்த இடங்களில் ஒன்பதாம் குரோமோசோமின் முனை தவிர ஏனைய எல்லாம் சுவர்ணாவாகவே உள்ள ஒரு செடி அகப்பட்டது. மூன்றாம் பிற்கலப்பின் வழியில் அதனினும் தூய செடி கிடைத்தது. அவ்வாறு உருவான ‘சுவர்ணா சப் 1’, 2009-ஆம் ஆண்டில் இந்திய உழவர்க்கு வழங்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் பிற உயிரின் மரபணுவைப் புகுத்தி ஆக்கப்பட்டது அன்று இந்நெல். மகரந்தத்தைச் சேர்த்துக் கலப்புச் செய்யும் பழைய முறையிலேயே பிறந்தது; தெரிந்தெடுக்கும் கண் மட்டுமே புதியது.

இந்நெல்லின் பயன் ஒடிசாவின் வயல்களில் ஆராயப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பத்து நாள் மூழ்கிய வயல்களில், பழைய சுவர்ணாவைவிட இது 45 விழுக்காடு மிகுதியாக விளைந்தது. வெள்ளம் வாராத வயல்களில் விளைச்சல் குறையவும் இல்லை. அவ்வாராய்ச்சி மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. ஊரில் மேட்டு நிலம் வசதி படைத்தவர்க்கும், வெள்ளம் தேங்கும் பள்ளநிலம் பட்டியலின ஏழை மக்களுக்குமாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. வெள்ளம் முதலில் புகுவது அவர்கள் வயலிலேயே. ஆகவே, வெள்ளம் தாங்கும் விதையால் மிகுந்த பயன் பெறக்கூடியவரும் அவர்களே. தமிழ்நாட்டின் தாழ்ந்த வயல்களில் பெயர்பெற்ற சி.ஆர். 1009 என்னும் நெல்லிலும் இப்பண்பு சேர்க்கப்பட்டு, ‘சி.ஆர். 1009 சப் 1’ என்னும் பெயரில் நம் உழவர் கைக்கு வந்துள்ளது.

நுண்துணைக்கோள் அடையாளங்கள் குலமுறை கிளத்தவும் வல்லவை. ‘காபர்னே சோவிஞோன்’ என்பது ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஒரு கருந்திராட்சை. அதன் பெற்றோர் யாவர் என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவர்சு, மெரிடித்து என்னும் இருவரும் 1997-ஆம் ஆண்டில் முப்பது இடங்களில் உள்ள அடையாளங்களை ஒப்பிட்டு, ஒரு கருந்திராட்சையும் ஒரு வெள்ளைத் திராட்சையுமே அதன் பெற்றோர் என்று காட்டினர். திராட்சை கிளையை நட்டுப் பெருக்கப்படுவதால், நூற்றாண்டுகள் கழிந்தும் அதன் அடையாளங்கள் பெரிதும் மாறாதிருந்தன. அவையே அன்றைய உறவுக்கு இன்றும் சான்று பகர்ந்தன. இவ்வாறே, பாசுமதி அரிசியில் மலிவான அரிசியைக் கலந்து விற்கும் வஞ்சத்தை வெளிப்படுத்தவும், வீரிய ஒட்டு விதைகள் தூயனவா என்று ஆராயவும் இவ்வடையாளங்கள் பயன்படுகின்றன. போலி விதையை விலைகொடுத்து வாங்கிய உழவர், அதனைக் கதிர் வந்த பின்னரே அறிவர். அப்பொழுது ஒரு பருவத்தின் உழைப்பே வீணாகிவிடும். விதைப்பதற்கு முன்னரே அதனை அறிவிக்கும் ஆய்வு அவர்க்குப் பெருந்துணை அன்றோ?

விஞ்ஞானம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒற்றை எழுத்து வேறுபாடுகளை ஒரே முறையில் ஆயிரக்கணக்கில் படிக்கும் கருவிகள் பின்னர்த் தோன்றிப் பெரிய ஆய்வுக்கூடங்களில் இடம்பெற்றுவிட்டன. எனினும், எளிய கருவிகளைக் கொண்டே செய்யத்தக்கதாதலின், நுண்துணைக்கோள் முறை இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் கையாளப்படுகின்றது. எந்த முறையாயினும், அடையாளம் காட்டுமேயன்றி ஆக்காது என்பதை நாம் மறத்தலாகாது. தெரிந்தெடுத்த நாற்று வயலில் வளர்ந்து, வெயிலையும் மழையையும் தாங்கிக் கதிர் முற்றிய பின்னரே அதன் தகுதி முடிவாகும்.

மேலும், ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சப் 1 என்னும் மரபணு எந்த விஞ்ஞானியாலும் படைக்கப்பட்டதன்று. விளைச்சல் குறைந்த பழைய நெல் என்று பிறர் கருதிய ஒன்றை, ‘வெள்ளம் வந்தாலும் இது நம்மைக் கைவிடாது’ என்று நம்பி, ஆண்டுதோறும் விதைத்து, ஆண்டுதோறும் ஒரு பிடி விதையை எடுத்துவைத்த ஒடிசா உழவர்களின் குதிர்களில் அது காக்கப்பட்டிருந்தது. அவ்வுழவர்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. அவர்கள் அந்நெல்லைக் கைவிட்டிருப்பின், மிகச் சிறந்த அடையாளமும் காட்டுதற்கு ஒன்றுமின்றி வீணாகியிருக்கும். புளிய மரம் இருந்தும், வீடு இல்லாத ஊர் போன்றது அந்நிலை.

நம் ஊர்களிலும் முதியோர் சிலர் பழைய நெல் வகைகளையும் சிறுதானியங்களையும் இன்னும் போற்றி வருகின்றனர். அவற்றுள் எதனிடத்து எந்நோயைத் தாங்கும் வலிமை மறைந்துள்ளதோ, எது வறட்சியைப் பொறுக்குமோ, யார் அறிவார்? அவற்றைப் படித்தறியும் கண் இன்று நமக்குக் கிடைத்துள்ளது. படிப்பதற்குரிய நூல்களை அழியாமற் காப்பது நம் கடமையாகும்.